கடலடியிலிருந்து வீட்டுக்கு

2025-ஆம் ஆண்டு மார்ச் மாதம், பிரிட்டனின் அணு ஏவுகணை தாங்கிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று ரோந்தை முடித்துக்கொண்டு ஸ்காட்லாந்துக் கரையை நெருங்கியபோது, அந்நாட்டுப் பிரதமர் கியர் ஸ்டார்மர் கடலுக்கே சென்று அதில் ஏறி மாலுமிகளை வரவேற்றார். அந்தக் கப்பல் ஆறு மாதங்களுக்கும் மேலாக மறைந்திருந்துவிட்டுத் திரும்பியிருந்தது. அது புறப்பட்டபோது தவழ்ந்துகொண்டிருந்த குழந்தை இப்போது நடக்கத் தொடங்கியிருக்கும். மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட தாய் ஒருவர் குணமடைந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். மாலுமிக்கு இவை எதுவும் தெரியாது. வரவேற்பு நிகழ்ச்சியின் படங்கள் மறுநாள் நாளிதழ்களில் வந்துவிடும். வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போன பிறகு நடப்பது படங்களில் வருவதில்லை.

நெடுங்காலம் கடலில் இருந்துவிட்டு வருபவருக்கு வீடு திரும்புவதைவிட எளிதானது எது இருக்க முடியும் என்றே நாம் நினைக்கிறோம். நீர்மூழ்கி மாலுமிகளையும் அவர்களின் குடும்பங்களையும் அறிந்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை. பிரிந்திருக்கும் மாதங்களைக் காட்டிலும் சேர்ந்த முதல் சில வாரங்களே கடினமானவை என்று கூறும் குடும்பங்கள் உண்டு. இதற்கு அன்புக் குறைவோ மனவுறுதிக் குறைவோ காரணமன்று. அந்தப் பணி அமைக்கப்பட்டிருக்கும் விதமே அப்படிப்பட்ட திரும்புதலை உண்டாக்குகிறது. எனவே முதலில் அந்தப் பணியைப் புரிந்துகொள்ள வேண்டும்.

1969-ஆம் ஆண்டு முதல் இன்றுவரை, பிரிட்டனின் அணு ஏவுகணை நீர்மூழ்கிகளுள் ஒன்றாவது எந்நேரமும் கடலுக்குள் மறைந்திருக்கிறது. நாடே தாக்கி அழிக்கப்பட்டாலும் திருப்பித் தாக்க ஒரு கப்பல் மிஞ்சும் என்ற அச்சத்தை எதிரிக்கு ஏற்படுத்துவதே இதன் நோக்கம். வான்கார்டு, விக்டோரியஸ், விஜிலன்ட், வெஞ்சன்ஸ் என்னும் நான்கு கப்பல்கள் இதற்காக உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 150 மீட்டர் நீளமுடையது. 130-க்கும் மேற்பட்டோர் அதில் வாழ்கிறார்கள். கப்பல் எங்கே இருக்கிறது என்பது அதற்குள்ளேயே ஒரு சிலருக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்குக் கடலின் பெயர்கூடத் தெரியாது.

இவ்வகைக் கப்பலின் ஆற்றலே அது பேசாமல் இருப்பதில்தான் உள்ளது. வானொலியில் ஒரு சொல்லை அனுப்பினாலும் கப்பல் இருக்கும் இடத்தைப் பிறர் கண்டுபிடித்துவிட முடியும். ஆகவே ரோந்துக் காலம் முழுவதும் கப்பல் செய்திகளைக் கேட்கும், பதில் சொல்லாது. கேட்பதும் எளிதன்று. கடல்நீர் சாதாரண வானொலி அலைகளை உட்புக விடுவதில்லை. மிகக் குறைந்த அதிர்வெண் கொண்ட அலைகள் மட்டுமே நீரின் மேற்பரப்பிலிருந்து சில பத்து மீட்டர் ஆழம்வரை செல்லும். அவற்றை அனுப்ப வானளாவிய கோபுரங்களும் பெரும் மின்னாற்றலும் வேண்டும்.

அத்தகைய நிலையம் ஒன்று நம்மிடமே இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990 முதல் இயங்கிவரும் கடற்படைத் தளமான ஐ.என்.எஸ். கட்டபொம்மன், கடலுக்கடியில் உள்ள நம் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பவே அமைக்கப்பட்டது. நான்குநேரிப் பக்கம் பயணம் செய்வோருக்கு அதன் உயர்ந்த கோபுரங்கள் தொலைவிலிருந்தே தெரியும். இவ்வலைகளுக்கு இன்னொரு குறையும் உண்டு. அவற்றின் வழியே மிகக் குறைந்த அளவு தகவலைத்தான், அதுவும் மெதுவாகத்தான் அனுப்ப இயலும். குரலும் படமும் கடலடிக்குப் போகா. சில சொற்கள்தான் போகும்.

மாலுமியின் குடும்பத்துக்கும் அந்தச் சில சொற்களே கிடைக்கின்றன. பிரிட்டன் கடற்படையில் இதற்குக் 'குடும்பத் தந்தி' என்று பொருள்படும் ஒரு பெயர் உண்டு. வாரத்துக்கு ஒன்று, 120 சொற்களுக்கு மிகக் கூடாது. போலாரிஸ் ஏவுகணைக் காலத்தில் 40 சொற்களே அனுமதிக்கப்பட்டன. மனைவியோ பெற்றோரோ எழுதுவதைக் கடற்படை அலுவலர்கள் படித்துப் பார்த்த பிறகே கப்பலுக்கு அனுப்புவார்கள். மாலுமியை நிலைகுலையச் செய்யக்கூடிய செய்தி அதில் இருக்கக் கூடாது. நோய், விபத்து, கடன், சண்டை ஆகியவற்றுக்கு அந்த 120 சொற்களில் இடமில்லை. மாலுமி அதற்கு மறுமொழி எழுதவும் முடியாது.

இதைவிடக் கடுமையான நடைமுறை ஒன்றும் உண்டு. தந்தையோ தாயோ குழந்தையோ இறந்துபோனாலும், ரோந்து முடியும் தறுவாய்வரை அந்தச் செய்தி மாலுமியிடம் சொல்லப்படுவதில்லை. கேட்கும்போது நமக்கு இது கொடுமையாகவே தோன்றும். ஆனால் கடற்படையின் நோக்கில் வேறு வழியில்லை. ஒருவருக்காகக் கப்பலைத் திருப்பினால் அது மறைந்திருக்கும் இடம் வெளிப்பட்டுவிடும். திருப்பாமல் செய்தியை மட்டும் சொன்னால், தனியே அழுவதற்கு ஓர் அறைகூட இல்லாத இரும்புக் குழாய்க்குள் அவர் பல வாரங்கள் அந்தத் துயரோடு கிடக்க வேண்டும். அவரை நம்பி அணு உலையையோ ஏவுகணைகளையோ ஒப்படைத்திருக்கும் நிலையும் மாறிவிடும். பணியில் சேரும்போதே இதை அறிந்துதான் சேருகிறார்கள். அறிந்திருப்பதால் துயரம் குறைந்துவிடுவதில்லை. இறுதிச் சடங்கு முடிந்து, உறவினர்கள் கலைந்து, வீடு வழக்கமான நிலைக்குத் திரும்பிய பிறகு அவருக்கு மட்டும் அன்றுதான் மரணம் நிகழ்கிறது. உடன் துக்கம் காக்க யாரும் மிச்சமில்லை.

இந்த ஏற்பாட்டின் விளைவைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். வீட்டிலிருப்பவர் ஒவ்வொரு வாரமும் நல்லதை மட்டும் தேர்ந்தெடுத்து எழுதுகிறார். கூரை ஒழுகியதை விட்டுவிட்டு மகளின் மதிப்பெண்ணை எழுதுகிறார். மகனின் காய்ச்சலை விட்டுவிட்டு அவன் வரைந்த படத்தைப் பற்றி எழுதுகிறார். கப்பலில் இருப்பவர் அந்த 120 சொற்களை நூறு முறை படித்து, அவற்றிலிருந்து ஒரு வீட்டைத் தம் மனத்துக்குள் கட்டிக்கொள்கிறார். அந்த வீட்டில் துன்பமே கிடையாது. தணிக்கை செய்யப்பட்ட அந்த வீட்டுக்குத்தான் அவர் திரும்பி வருவதாக நினைக்கிறார்; கதவைத் திறப்பது உண்மையான வீட்டில். மறுபக்கத்திலும் இதே நிலைதான். கணவர் என்ன செய்தார், எதற்கு அஞ்சினார், எங்கே இருந்தார் என்பது மனைவிக்குத் தெரியாது. அவர் திரும்பி வந்த பிறகும் பெரும்பாலானவற்றைச் சொல்ல அவருக்கு அனுமதியில்லை.

மௌனம் வழக்கமாகிவிட்ட குடும்பங்களுக்கு ஆபத்தின் அறிகுறியும் தெரியாது. 2000-ஆம் ஆண்டில் ரஷியாவின் குர்ஸ்க் நீர்மூழ்கியில் 118 பேர் இறந்தார்கள். 2017-இல் அர்ஜென்டீனாவின் சான் ஹுவான் 44 பேருடன் மூழ்கியது. அதன் சிதைவுகளைக் கண்டறியவே ஓராண்டு ஆயிற்று. 2021-இல் இந்தோனேசியாவின் நங்காலாவில் 53 பேர் உயிரிழந்தார்கள். மும்பைத் துறைமுகத்திலேயே 2013 ஆகஸ்ட் மாதம் நம் சிந்துரக்ஷக் வெடித்து 18 பேரை இழந்தோம். இவற்றை மாலுமிகளின் மனைவியர் மறப்பதில்லை. கடிதம் வராததைக் கொண்டு எதையும் ஊகிக்க முடியாத வாழ்க்கையில், அஞ்சுவதற்குக் குறிப்பிட்ட நாள் என்று ஒன்று இல்லை.

இனி, கப்பலுக்குள் காலம் எப்படிக் கழிகிறது என்று பார்ப்போம். அங்கே சூரியன் இல்லை. பல கப்பல்களில் ஆறு மணி நேரம் பணி, ஆறு மணி நேரம் ஓய்வு என்று மாறி மாறி நாள்கள் நகர்கின்றன. அமெரிக்க நீர்மூழ்கிகளில் 1960-கள் முதல் நெடுங்காலம் ஒரு விசித்திரமான ஏற்பாடு இருந்தது. ஆறு மணி நேரப் பணியும் பன்னிரண்டு மணி நேர இடைவெளியும் சேர்ந்து ஒரு நாளுக்கு 18 மணி நேரம் என்று வகுத்திருந்தார்கள். நேற்று உறங்கிய நேரத்தில் இன்று உறங்க முடியாது. மனித உடலின் உட்கடிகாரம் இந்த 18 மணி நேர நாளுக்குப் பழகுவதேயில்லை என்பதை ஆய்வுகள் காட்டின. உடல் தன் 24 மணி நேரக் கணக்கிலேயே ஓடிக்கொண்டிருக்க, கடமை வேறொரு கணக்கில் எழுப்பிக்கொண்டிருந்தது. கடந்த பத்தாண்டின் நடுப்பகுதியில்தான் அந்நாட்டுக் கடற்படை 24 மணி நேர நாளுக்குத் திரும்பியது. அரை நூற்றாண்டுக் காலம் ஒரு பெரும் படை தன் வீரர்களின் உறக்கத்தை இப்படிக் கலைத்துவைத்திருந்தது என்பது வியப்பாகத்தான் இருக்கிறது.

கப்பலில் நாளையும் கிழமையையும் உணவைக்கொண்டு அறிகிறார்கள். மீன் வந்தால் வெள்ளிக்கிழமை. பாலும் பச்சைக் காய்கறிகளும் முதல் இரண்டு, மூன்று வாரங்களில் தீர்ந்துவிடும். பின்பு டப்பாவில் அடைத்தவையும் உறையவைத்தவையும்தான். அணு உலை உள்ள கப்பலுக்கு எரிபொருள் கவலை இல்லை. கடல்நீரிலிருந்து குடிநீரும், நீரைப் பிரித்து ஆக்சிஜனும் அதுவே உண்டாக்கிக்கொள்ளும். அது கரைக்குத் திரும்ப வேண்டிய கட்டாயம் உணவாலும் மனிதர்களாலும்தான் வருகிறது. பெரிய கப்பல்களிலும் சில நேரங்களில் நடைபாதைத் தரையில் உணவு டப்பாக்களை அடுக்கி, அவற்றின் மேல் நடந்தபடியே முதல் சில வாரங்களைக் கழிப்பதுண்டு. டப்பாக்களைத் தின்று தீர்த்த பிறகுதான் தரை தெரியும்.

வெளிக்காற்றில் 0.04 விழுக்காடாக உள்ள கரியமில வாயு கப்பலுக்குள் அதைப் போலப் பல மடங்கு இருக்கும். அதை உறிஞ்சும் வேதிப்பொருள், எந்திர எண்ணெய், சமையல் புகை, வியர்வை எல்லாம் கலந்த ஒரு நெடி துணியிலும் தோலிலும் தலைமுடியிலும் ஏறிவிடுகிறது. உள்ளே இருப்பவருக்கு அது தெரியாது. கரைக்கு வந்த கணவரின் பையை வீட்டுக்குள் கொண்டுவர விடாமல் வாசலிலேயே வைக்கச் சொல்லும் மனைவியரைப் பற்றி எல்லா நாட்டு நீர்மூழ்கி மாலுமிகளும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஆறு மாதம் காத்திருந்து வந்தவர் முதலில் கேட்கும் சொல், போய்க் குளித்துவிட்டு வாருங்கள் என்பதாக இருக்கும்.

உடல் கரைக்கு வந்த பிறகும் சில நாள்கள் கப்பலிலேயே இருக்கிறது. சில மீட்டருக்கு அப்பால் எதையும் பார்த்திராத கண்களுக்குத் தொலைவைக் கணிப்பது கடினம். கரையேறிய உடனே காரை ஓட்டாதே என்று மூத்த மாலுமிகள் இளையவர்களை எச்சரிப்பது வழக்கம். வெயிலே படாததால் வைட்டமின் டி அளவு குறைந்திருக்கும். ஒலியும் உண்டு. கப்பலில் காற்றோட்ட விசிறிகளின் இரைச்சல் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். அது நின்றால் ஏதோ பெரிய பழுது என்று பொருள். ஆழ்ந்து உறங்குபவர்களும் அந்தக் கணமே விழித்தெழுவார்கள். அந்தப் பழக்கம் வீட்டிலும் தொடர்கிறது. நள்ளிரவில் மின்சாரம் போய் விசிறி நின்றால் நாம் புழுக்கத்தால் புரண்டு படுப்போம். அவர் எழுந்து நின்றுகொண்டிருப்பார்.

இவையெல்லாம் சில நாள்களில் சரியாகிவிடும். சரியாகாமல் நிற்பது வீட்டுக்குள் அவருக்குரிய இடம். ஆறு மாதங்கள் வீட்டை ஒற்றையாளாக நடத்திய மனைவி, எல்லாவற்றையும் தாமே முடிவு செய்யக் கற்றிருக்கிறார். கட்டணம் செலுத்துவது, பள்ளி ஆசிரியரைப் பார்ப்பது, குழாய் பழுது பார்ப்பவரை அழைப்பது என எதற்கும் அவர் இன்னொருவரை எதிர்பார்ப்பதில்லை. குழந்தைகள் வெளியே விளையாடப் போகலாமா என்று தாயிடமே கேட்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தந்தையிடம் கேட்பதில்லை. கரண்டி எந்த இழுப்பறையில் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. உதவி செய்ய முனைந்தால் இடையூறாகிறார். சும்மா இருந்தால் விருந்தாளியாகிறார். கப்பலிலோ அவருக்கு ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு வேலை இருந்தது. அவர் இல்லாமல் அந்த வேலை நடக்காது என்ற நிலையும் இருந்தது.

1968-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மனநல மருத்துவர் ரிச்சர்ட் ஐசே இதைக் கவனித்து எழுதினார். நீர்மூழ்கி மாலுமிகளின் மனைவியரிடம் காணப்படும் மனச்சோர்வைப் பற்றியது அவருடைய கட்டுரை. கணவர் புறப்பட்டுப் போகும்போது அன்றி, அவர் திரும்பி வரும் நேரத்தில் அது தலைகாட்டுவதை அவர் கண்டார். தனியே விட்டுச் சென்றதன் மீதான கோபம் உள்ளே இருக்கிறது. நாட்டுக்காகப் போனவர்மீது கோபப்படக் கூடாது என்ற எண்ணமும் இருக்கிறது. வெளிப்பட வழியில்லாத அந்தக் கோபம் சோர்வாக மாறுகிறது என்பது அவர் தந்த விளக்கம். 1979-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, கணவர் இல்லாத நாள்களில்தான் மனைவியரின் சோர்வு மிகுதி என்று கூறியது. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாகக் கொள்ள வேண்டியதில்லை. பிரிவின் சோர்வுக்குக் காரணம் எல்லோருக்கும் புரியும், அதற்கு ஆறுதல் சொல்ல ஆளும் இருக்கும். கணவர் வந்த பிறகும் சோர்ந்திருக்கும் பெண்ணிடம் உனக்கென்ன குறை என்றுதான் கேட்பார்கள். மருத்துவரைத் தேடிப் போகும் நிலை அவருக்குத்தான் வருகிறது.

1987-இல் கேத்லீன் லோகன் என்பவர் அமெரிக்கக் கடற்படை சார்ந்த இதழொன்றில், கடற்படைக் குடும்பங்கள் கடந்து செல்லும் மனநிலைகளை ஏழு கட்டங்களாக வகுத்து எழுதினார். புறப்பாட்டுக்கு முந்தைய வாரங்களில் தொடங்கும் சிடுசிடுப்பும் விலகலும் அதில் உண்டு. புறப்படும் நாளுக்கு முன்பே கணவனும் மனைவியும் மனத்தால் பிரிந்துவிடுகிறார்கள். அற்பக் காரணத்துக்குச் சண்டை போடுகிறார்கள். கோபித்துக்கொண்டு பிரிவது அழுதுகொண்டு பிரிவதைவிட எளிது. ஆறாவது கட்டத்துக்கு அவர் தந்த பெயர் கவனிக்கத்தக்கது. திருமண உடன்படிக்கையை மீண்டும் பேசி முடித்தல் என்பது அது. கணவர் வீட்டுக்கு வந்த பிறகு வரும் கட்டம் இது. யார் எதைச் செய்வது, யார் சொல் எதில் செல்லும், இத்தனை நாள் இருந்த சுதந்திரத்தில் எதை விட்டுக்கொடுப்பது என்பனவற்றை ஒவ்வொரு முறையும் புதிதாகப் பேச வேண்டியிருக்கிறது. பேசாமல் விட்டால் சண்டை வழியாகப் பேசப்படும்.

பிரிவைப் பற்றி நம் இலக்கியம் அளவுக்கு நுணுகிப் பேசிய இலக்கியம் குறைவு. பிரிவின் வகைகளைத் தொல்காப்பியம் பகுத்துச் சொல்கிறது. கடற்பயணத்தில் பெண்டிரை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்பதையும் குறிக்கிறது. பாலைக்குப் பிரிவும், நெய்தலுக்கு இரங்கலும், முல்லைக்குக் காத்திருப்பும் உரியன. தலைவன் வினைமுடித்துத் தேரில் திரும்பும் காட்சியோடு எத்தனையோ முல்லைப் பாடல்கள் மகிழ்ந்து முடிகின்றன. தேர் வாசலில் நின்ற பிறகு வரும் பத்தாவது நாளை அவை பேசுவதில்லை. மருதத்தில் ஊடல் உண்டு. அதன் காரணம் வேறு.

அந்தப் பத்தாவது நாளை நம் காலத்துத் தமிழ்க் குடும்பங்கள் நன்கு அறியும். வளைகுடா நாடுகளில் இரண்டாண்டு வேலை பார்த்துவிட்டு வருபவரின் வீட்டிலும், தூத்துக்குடியிலிருந்து சரக்குக் கப்பலில் போய் வருபவரின் வீட்டிலும் இது நடக்கிறது. பெட்டி திறந்து பொருள்களைப் பகிரும் முதல் நாளின் களிப்பு முடிந்ததும், வந்தவரின் அதட்டலைக் குழந்தைகள் புரியாமல் பார்க்கும் நாள் ஒன்று வரும். ஆயினும் அவர்களுக்கு இன்று காணொலி அழைப்பு இருக்கிறது. வீட்டின் நல்லதும் கெட்டதும் அன்றன்றே தெரிந்துவிடுகின்றன. நீர்மூழ்கி மாலுமிக்கு மட்டும்தான் அது இன்னும் எட்டவில்லை. அமெரிக்கக் கடற்படையில் 2011 முதலும் பிரிட்டனில் 2014 முதலும் பெண்களும் நீர்மூழ்கிகளில் பணியாற்றுகிறார்கள். அவர்கள் வீடுகளில் காத்திருப்பவரும் வீட்டைத் தனியே நடத்துபவரும் ஆண்கள். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது மாறியிருக்கிறதே தவிர, திரும்பி வந்தவர் எதிர்கொள்ளும் சிக்கல் அப்படியேதான் இருக்கிறது.

பிரிவின் நீளத்தை யார் முடிவு செய்கிறார்கள் என்ற கேள்விக்கு வருவோம். 1960-இல் அமெரிக்கா தன் முதல் ஏவுகணை நீர்மூழ்கியைக் கடலுக்கு அனுப்பியபோதே, கப்பல் ஒன்று, குழு இரண்டு என்ற முறையை வகுத்தது. நீலக் குழு, பொன்னிறக் குழு என்று அவற்றுக்குப் பெயர். ஒரு குழு கடலில் இருக்கும்போது மற்றொன்று கரையில் ஓய்வும் பயிற்சியும் பெறும். அங்கு ஒரு ரோந்து சராசரியாக 77 நாள்கள். பிரான்ஸிலும் இரு குழு முறைதான். ரோந்து ஏறத்தாழ 70 நாள்கள். பிரிட்டனிலும் ஒரு காலத்தில் ரோந்து இரண்டு, மூன்று மாதங்களுக்குள் முடிந்தது.

அது ஆறு மாதமாக நீண்டதற்கு எந்தப் போரும் காரணமன்று. பழுதுபார்ப்புத் தளம்தான் காரணம். வான்கார்டு கப்பல் 2015 டிசம்பரில் பிளிமத் நகரத்துத் தளத்துக்குப் பெரும் பராமரிப்புக்காகச் சென்றது. மூன்றரை ஆண்டுகளில் முடிய வேண்டிய பணி ஏழு ஆண்டுகளுக்கும் மேல் இழுத்தது. எஞ்சிய கப்பல்கள் அதன் பங்கையும் சேர்த்துச் சுமந்தன. அவையும் 1990-களில் பணியில் சேர்ந்தவை. அவற்றுக்கும் பழுது வந்தது. அடுத்துக் கடலுக்குப் போக வேண்டிய கப்பல் ஆயத்தமாகாதபோது, கடலில் இருக்கும் கப்பல் திரும்ப முடியாது. புதிய டிரெட்நாட் வகைக் கப்பல்கள் 2030-களின் தொடக்கத்தில்தான் வரும் என்பதால், இந்த நிலை இன்னும் சில ஆண்டுகள் நீடிக்கும். ஒரு பட்டறையில் தாமதமாகும் வேலை, பல நூறு மைல்களுக்கு அப்பால் ஒரு குழந்தையின் இரண்டு பிறந்தநாள்களைத் தந்தையில்லாமல் கழிய வைக்கிறது. நீண்ட ரோந்துகளைக் கண்டு அனுபவமிக்க மாலுமிகள் பணியை விட்டு விலகினால், மிஞ்சியவர்களின் சுமை மேலும் கூடும். இந்தச் சுழலை உடைக்கப் பதக்கங்களும் பாராட்டுரைகளும் போதா.

திரும்பும் முறையிலும் ஒரு குறை இருக்கிறது. ஆப்கானிஸ்தானில் போரிட்டுத் திரும்பிய பிரிட்டன் வீரர்களை அந்நாடு நேரே வீட்டுக்கு அனுப்பவில்லை. சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ ஒன்றரை நாள் தங்கவைத்தது. கடலில் குளித்தார்கள், ஒன்றாக அமர்ந்து உண்டார்கள், வீட்டில் என்னென்ன கடினமாக இருக்கும் என்பதை யாரோ எடுத்துச் சொல்லக் கேட்டார்கள். நீர்மூழ்கி மாலுமிக்கு அப்படியோர் இடைத்தங்கல் இயல்பாக அமைவதில்லை. மேற்பரப்புப் போர்க்கப்பலில் செல்பவர் வழியில் துறைமுகங்களில் இறங்கி, வானத்தையும் அந்நியர் முகங்களையும் பார்த்துப் பழகி வருகிறார். இவர் காலையில் கடலடியில் இருப்பார். மறுநாள் மாலை தம் வீட்டுச் சமையலறையில் நிற்பார்.

இந்தியாவுக்கு இது வெறும் வெளிநாட்டுச் செய்தியன்று. 1967 டிசம்பர் 8-ஆம் நாள் ஐ.என்.எஸ். கல்வரி பணியில் சேர்ந்ததோடு நம் நீர்மூழ்கிப் படை பிறந்தது. டீசலிலும் மின்கலத்திலும் இயங்கும் கப்பல்கள் காற்றுக்காக அவ்வப்போது மேலே வர வேண்டியவை. அவற்றின் பயணத்துக்கு இயற்கையான எல்லை உண்டு. அணு உலையில் இயங்கும் அரிஹந்த் அந்த எல்லையை நீக்கிவிட்டது. அதற்கான உலையின் மாதிரி நம் கல்பாக்கத்தில்தான் நிலத்தில் அமைத்துச் சோதிக்கப்பட்டது. 2018 நவம்பரில் அரிஹந்த் தன் முதல் தடுப்பு ரோந்தை முடித்ததாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் அரிகாட் விசாகப்பட்டினத்தில் பணியில் சேர்க்கப்பட்டது. அடுத்தடுத்த கப்பல்கள் வரும்போது, ஒன்றாவது எப்போதும் கடலில் இருக்க வேண்டும் என்ற இலக்கும் வரும். பிரிட்டன் 1969-இல் அடியெடுத்து வைத்த அதே பாதை இது.

அந்தப் பாதையில் போனவர்கள் தடுக்கி விழுந்த இடங்கள் நமக்குத் தெரியும் என்பது ஒரு நன்மை. ஒரு கப்பலுக்கு இரண்டு முழுக் குழுக்கள் என்பதைச் செலவாகக் கருதாமல், கப்பலின் ஓர் உறுப்பாகவே கருத வேண்டும். பராமரிப்புத் தளங்களின் கொள்திறனைக் கப்பல்களின் எண்ணிக்கையோடு சேர்த்தே வளர்க்க வேண்டும். கப்பலைக் கட்டுவதற்கு இருக்கும் ஆர்வம் அதைப் பழுதுபார்க்கும் உலர்துறைகளைக் கட்டுவதற்கு இருப்பதில்லை. குடும்பத்துக்கு நேர்ந்த துயரத்தை மாலுமியிடம் யார், எங்கே, எந்த நேரத்தில் சொல்வது என்பது முன்கூட்டியே அவரைக் கேட்டு எழுதி வைத்திருக்க வேண்டிய ஒன்று. துறைமேடையின் கூச்சலுக்கிடையே அது அவர் காதில் விழக் கூடாது. திரும்பும் முதல் இரண்டு நாள்களைத் தளத்திலேயே, வேலை ஏதுமின்றிக் கழிக்க விட்டு, மனைவியையும் அழைத்து இருவரிடமும் அடுத்த சில வாரங்களைப் பற்றிப் பேசலாம். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை.

மாலுமியின் மனைவியிடம், அவர் என்று திரும்புவார் என்பதைக் கடற்படை சொல்ல முடியாது. அது இராணுவ இரகசியம். திரும்பிய பிறகு அவர் எத்தனை நாள் வீட்டில் இருப்பார் என்பதில் எந்த இரகசியமும் இல்லை. அந்த எண்ணிக்கையை ரோந்து தொடங்கும் முன்பே எழுதிக் கொடுத்து, இன்னொரு கப்பல் பழுதானது, ஆள் போதவில்லை என்ற எந்தக் காரணத்துக்காகவும் அதைக் குறைக்காமல் இருக்க முடியும்.